ஆச்சியோடு பெட்டி தேட எந்த ஊர்: ரை, ஃபேவர்ஷம், சாண்ட்விச்

ஊரிலிருந்து என் மாமியார் மறுபடியும் வந்திருக்கிறார். வந்த மறுநாளே பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்: ஆச்சியை ஒருநாள் பெட்டி தேடக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பெட்டி தேடுவது என்று எங்கள் வீட்டில் சொல்வது ஜியோகேஷிங்கைத்தான். பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு ஆறு. ஆச்சிக்கு எழுபத்தொன்று, வலது முழங்கால் அடிக்கடி படுத்தும். நாங்கள் இருப்பது கிழக்கு லண்டனில். காலையில் ரயில் ஏறி, இருட்டியதும் வீடு திரும்பிவிட வேண்டும். ஊர் சின்னதாக, பழையதாக, நடந்தே சுற்றி முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இப்படிச் சலித்துப் பார்த்ததில் மூன்று ஊர்கள் மிஞ்சின: கிழக்கு சசெக்ஸில் ரை, கெண்டில் ஃபேவர்ஷம், அதே கெண்டில் இன்னும் கிழக்கே சாண்ட்விச். மூன்றுக்கும் முன்பே போயிருக்கிறோம். ஆனால் ஆறு வயதுக்கும் எழுபத்தொரு வயதுக்கும் சேர்த்து ஒரே நாளைத் திட்டமிடும்போது, பழைய கணக்கையெல்லாம் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. இடத்தைக் குத்துமதிப்பாகக் காட்டிக்கொண்டிருந்த கருவி, ஒரே இரவில் சில மீட்டர் வித்தியாசத்தில் காட்டத் தொடங்கியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் காட்டோரம் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர்கள் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டும், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். இன்று உலகம் முழுக்க நடப்பதும் அதேதான். இங்கிலாந்துக்கு இது அவ்வளவு புதிதும் இல்லை. 1854-இலேயே டார்ட்மூர் பொட்டலில், கிரான்மியர் குளத்தருகே ஒரு வழிகாட்டி புட்டியொன்றை வைத்து, அங்குவரை நடந்து வருகிறவர்கள் தங்கள் முகவரிச் சீட்டைப் போட்டுவிட்டுப் போகும்படி செய்திருந்தார்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எல்லோரும் செய்வது, செயலியின் வரைபடத்தைத் திறந்து எந்த ஊரில் அதிகப் புள்ளிகள் தெரிகின்றன என்று பார்ப்பது. நாங்களும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தோம். இப்போது செய்வதில்லை. பழைய ஊர்களின் நடுத்தெருவில் இருக்கும் பெட்டிகள் பெரும்பாலும் சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும். இரும்புக் கம்பியின் பின்பக்கம் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு காகிதச் சுருள், அவ்வளவுதான். ஆறு வயதுப் பையன் புதையல் என்று நினைத்து வருகிறான். கையில் கொடுப்பது சட்டைப் பித்தான் மாதிரி ஒன்று. முதல் தடவை அவன் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. பொம்மை, கோலிக்குண்டு, சாவி வளையம் எல்லாம் போடும் அளவுக்கு டப்பா வேண்டுமென்றால் ஊரின் ஓரத்துக்குப் போக வேண்டும். ஆற்றங்கரை, பழைய மண்மேடு, மரவேர், வேலிமூலை. ஆகவே நல்ல ஊர் என்றால், நடுத்தெருவிலிருந்து அந்த ஓரத்துக்கு ஆச்சியும் நடந்து போகக்கூடிய ஊர் என்றுதான் நான் பொருள் கொள்கிறேன்.

இன்னொரு விதியும் இதில் சேர்கிறது. இரண்டு பெட்டிகளுக்கு இடையில் குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். கோட்டைக்குள் அடங்கிய சின்ன ஊரில் இந்த இடைவெளி விட்டால் எத்தனை பெட்டி வைக்க முடியும்? மிகச் சிலவே. அதனால் ஒளித்துவைப்பவர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். பல கட்டத் தேடல் என்று ஒரு வகை. முதல் இடத்தில் பெட்டி இருக்காது. ஒரு கல்வெட்டோ, கதவுக்கு மேலிருக்கும் ஆண்டோ, மணிக்கூண்டோ இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். எல்லா எண்களையும் சேர்த்துக் கூட்டிக் கழித்தால் கடைசிப் பெட்டி இருக்கும் இடம் கிடைக்கும். அது பெரும்பாலும் ஊர் ஓரத்தில், கொஞ்சம் பெரிய டப்பாவாக இருக்கும். இன்னொன்று அட்வென்ச்சர் லேப். அதில் பெட்டியே கிடையாது. வழக்கமாக ஐந்து இடங்கள், இடத்துக்கு ஒரு கேள்வி, நேரில் போய் நின்றால்தான் கேள்வி திறக்கும். வயதானவர்கள் கூட வரும்போது இந்த இரண்டும்தான் கைகொடுக்கின்றன. கம்பிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவுவதில் ஆச்சிக்கு என்ன இருக்கிறது? ஆனால் 'இந்த வீட்டுக்கு எத்தனை வயசு, கணக்குப் போடுங்க ஆச்சி' என்று பேத்தி கேட்டால் அவர் நின்று பார்ப்பார். ஆகவே நான் ஒப்பிட்டது பெட்டிகளின் எண்ணிக்கையை அல்ல. எந்த ஊரின் சுவர்கள் அதிகம் படிக்கத் தருகின்றன, அவற்றைப் படிக்க எவ்வளவு ஏற வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைத்தான்.

மூன்று ஊர்களுக்கும் ஒரு பொதுக் கதை உண்டு. மன்னருக்குக் கப்பல் கொடுத்து, பதிலுக்குச் சலுகைகள் பெற்ற சிங்க் போர்ட்ஸ் என்ற துறைமுகக் கூட்டமைப்பைச் சேர்ந்தவை இவை. சாண்ட்விச் அதன் ஐந்து தலைமைத் துறைமுகங்களில் ஒன்று. ரை பின்னால் சேர்க்கப்பட்டு, 'பழம் ஊர்' என்ற பட்டம் பெற்றது. ஃபேவர்ஷம், இன்னொரு தலைமைத் துறைமுகமான டோவருக்குக் கிளை. ரையையும் சாண்ட்விச்சையும் விட்டுக் கடல் விலகிப்போய்விட்டது. மண்ணும் கூழாங்கல்லும் சேர்ந்து துறைமுகம் தூர்ந்தது, வணிகம் போயிற்று, பழையதை இடித்துப் புதியது கட்டக் காசில்லாமல் ஊர்கள் அப்படியே நின்றுவிட்டன. இன்று நாம் நடந்து பார்க்கும் அழகு அந்த நலிவு விட்டுச்சென்றது. சென்ற தடவை ரையின் மேட்டில் நின்று, தூரத்தில் கோடாகத் தெரிந்த கடலைக் காட்டி இதை ஆச்சியிடம் சொன்னபோது, 'நம்ம கொற்கை மாதிரியா?' என்று கேட்டார். அவர் பிறந்தது தாமிரபரணிக் கரையில். பாண்டியர் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர். நான் கால்மணி நேரம் விளக்க நினைத்ததை ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

சரி, முதலில் ரை. அழகு மட்டும் போதும் என்றால் வேறு ஊரைத் தேடவே வேண்டாம். மெர்மெய்டு தெருவில் கூழாங்கல் பாவிய சரிவின் இருபுறமும் சாய்ந்த மரச்சட்ட வீடுகள். அந்த வீடுகளுக்கு எண்ணைவிடப் பெயர் முக்கியம்: 'இரண்டு வாசல் கதவு உள்ள வீடு', 'இருக்கை உள்ள வீடு', 'எதிர் வீடு'. அந்தப் பெயர்ப் பலகைகளைத் தேடிப் படிப்பதே பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டாகிவிடுகிறது. மெர்மெய்டு விடுதியின் பலகையில் 1420-இல் திரும்பக் கட்டப்பட்டது என்று எழுதியிருக்கும். எப்போது கட்டியது என்பதல்ல, எப்போது திரும்பக் கட்டியது. என் மகளுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது: ஏன் திரும்ப? 1377-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஊரைக் கொளுத்தினார்கள், தேவாலய மணிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மறு ஆண்டே இந்தப் பக்கத்து ஆட்கள் நார்மண்டிக்குக் கப்பலேறிப் போய் மணிகளை மீட்டு வந்தார்கள். எதிரி வருவதை எச்சரிக்க மாட்டிய மணியின் பெயரை வாட்ச்பெல் தெரு இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. செயின்ட் மேரி தேவாலயத்தின் கடிகாரம் 1560-களில் வைத்தது, இன்றும் ஓடுகிறது. அதன் மேல் நிற்கும் பொன்வண்ணப் பையன்கள் இருவரும் கால்மணிக்குக் கால்மணி மட்டும் மணி அடிப்பார்கள், முழு மணிக்கு அடிப்பதில்லை. இது தெரியாமல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆனால் கூழாங்கல்லில் ஆச்சியின் கால் தாங்கவில்லை. உருண்டையான கல், மழை பெய்தால் வழுக்கல், போதாததற்குச் சரிவு. மெர்மெய்டு தெருவை இறங்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது, சுவரைப் பிடித்துப் பிடித்து. கீழே வந்ததும், 'நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க' என்றார். அதன்பிறகு அந்த நாள் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அவர் தன் மகனோடு தேநீர்க்கடையில், நாங்கள் மேலே தேடிக்கொண்டு. கூட்டமும் ஒரு சிக்கல். சனி, ஞாயிறுகளில் அந்தத் தெருவில் எப்போதும் யாராவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். யார் கண்ணிலும் படாமல் பெட்டியை எடுத்து, கையெழுத்துப் போட்டு, திரும்ப வைக்க வேண்டிய விளையாட்டுக்கு இது பெரிய இடைஞ்சல். ஒடுங்கிய சந்துகளில் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் கைப்பேசியின் அம்புக்குறி தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கொண்டே இருந்தது. பெரிய டப்பாக்களுக்கு நல்ல இடமென்றால் ஊருக்கு வெளியே எட்டாம் ஹென்றி கட்டிய கேம்பர் கோட்டைப் பக்கம், செம்மறிகள் மேயும் சதுப்பு வெளி. போக மட்டும் அரைமணிக்கு மேல் நடை. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளும் நல்ல காலும் இருந்தால் ரை, அந்த வெளியையும் சேர்த்து, மூன்றிலும் சிறந்த நாளைத் தரும். எங்கள் வீட்டுக்கு இப்போது இல்லை.

ஃபேவர்ஷம் இதற்கு நேர்மாறு. சமதரை, ரயில் நிலையத்திலிருந்து ஐந்தாறு நிமிடத்தில் சந்தைச் சதுக்கம். செவ்வாய், வெள்ளி, சனிகளில் சந்தை கூடும். 1574-இல் கட்டிய மண்டபம் மரத்தூண்களின் மேல் நிற்கிறது, அடியில் கடை போடுகிறார்கள். மழை வந்தால் ஒதுங்க அதைவிட நல்ல இடமில்லை. அங்கிருந்து வடக்கே நீளும் ஆபி தெரு, இங்கிலாந்தின் பழந்தெருக்களில் முழுமையாகத் தப்பிய ஒன்று. அதன் கடைசியில், ஊர் மேயராக இருந்த தாமஸ் ஆர்டன் 1551-இல் கொலையுண்ட வீடு. அதையும் தாண்டினால், 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னர் ஸ்டீபன் கட்டி, தன்னை அங்கேயே அடக்கம் செய்யச் சொன்ன மடாலயம் இருந்த இடம். இன்று அதில் நிற்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஓடைத்துறையில் பழைய தேம்ஸ் பாய்மரப் படகுகள் நிற்கும். 1698 முதல் இயங்குவதாகச் சொல்லும் ஷெப்பர்ட் நீம் மது ஆலையிலிருந்து சில நாள்களில் வேகவைத்த தானிய வாசனை ஊர் முழுக்க வரும். சின்னவன் அதைக் 'கஞ்சி வாசனை' என்றான், சரியாகத்தான் சொன்னான்.

இந்த ஊரின் இன்னொரு முகம் வெடிமருந்து. சார்ட் ஆலை ஊருக்குள்ளேயே காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துச் சிற்றூரான ஓரில் (Oare) இருந்த ஆலை வளாகம் காட்டுப் பூங்காவாகியிருக்கிறது. 1916 ஏப்ரல் 2 அன்று ஊருக்கு வடக்கே இருந்த ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 108 பேர் இறந்தார்கள். பெரியவளிடம் இதைச் சொல்லிக் கூட்டிப் போகலாம், சின்னவனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஃபேவர்ஷமில் தேடல் எங்களுக்கு முழுநாள் பிடிக்கவில்லை. படிக்க வேண்டிய சுவர்கள் ஒரே தெருவில் வரிசையாக இருக்கின்றன; போய்த் திரும்பினால் கதை முடிந்துவிடுகிறது. ஓடையின் கரைப்பாதை அழகானதுதான், ஆனால் நீர் வடிந்தபோது இரண்டு பக்கமும் ஆழமான சேறு. கையை விட்டால் ஓடும் வயதுப் பிள்ளையோடு அங்கே தேடுவது எனக்கு நிம்மதியாக இல்லை. அரைநாள் வேலை, மழைநாள், சந்தை, கொஞ்சம் தேடல் என்றால் தயங்காமல் ஃபேவர்ஷமுக்குப் போகலாம்.

சாண்ட்விச்சுக்கு முதல் தடவை பெயருக்காகத்தான் போனோம். பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஸ்டூர் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், அதைச் சுற்றிப் பழைய மண்கோட்டை. அந்தக் கோட்டைமேடு இன்று மரநிழல் உள்ள நடைபாதை, மட்டமானது, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பகுதிகளின் பெயர்களைக் கவனியுங்கள்: ஒன்று வில்வீரர்கள் பயிற்சி எடுத்த 'பட்ஸ்', அடுத்தது கயிறு திரித்த 'ரோப் வாக்'. கயிறு திரிக்க நீளமான நேர்ப்பாதை வேண்டும். இன்றும் அந்தப் பாதை நேராகத்தான் போகிறது. ஆச்சியின் ஊரில் கயிறு திரிப்பவர்கள் பின்னோக்கி நடந்துபோவதை அவர் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை அந்தப் பாதையில் அவரே பேரனுக்கு நடந்து காட்டட்டும் என்று எனக்கு ஆசை. பக்கத்திலேயே ஓடும் டெல்ஃப் ஓடை, குடிதண்ணீருக்காக 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது.

உள்ளே போனால் எண்களும் சொற்களும் கொட்டிக்கிடக்கின்றன. ஃபிஷர் கேட் வாசல் 1384-ஐச் சேர்ந்தது. கில்டுஹால் என்ற நகர மண்டபம் 1579. ஆற்றுப் பாலத்தருகே நிற்கும் பார்பிகன் வாசலில் எந்த வண்டிக்கு எவ்வளவு சுங்கம் என்ற பட்டியல் பலகை இருக்கிறது. என் மகள் அதில் எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டாள். ஒரு தெருவின் பெயரே 'பெயரில்லாத் தெரு'. இன்னொரு சந்து 'பரிசுத்த ஆவிச் சந்து', இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். ஸ்ட்ராண்ட் தெருவில் மரச்சட்ட வீடுகள் இடைவெளியில்லாமல் நீள்கின்றன. இத்தனையும் சமதரையில், பத்து நிமிட வட்டத்துக்குள். இடையிடையே உட்காரக் கல்லும் பெஞ்சும் உண்டு. கில்டுஹாலின் அருங்காட்சியகத்தில், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனத்தின் 1300-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று இருக்கிறது. 2015-இல் ஆவணக் காப்பகத்தில், விக்டோரியா காலத்து ஒட்டுப் புத்தகமொன்றுக்குள் அது அகப்பட்டது. யாரும் தேடாத இடத்தில் பல காலம் கிடந்த பெட்டி அது என்று சின்னவனிடம் சொன்னேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, 'இதுல யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?' என்று கேட்டான். மன்னர்கள் கையெழுத்துப் போடவில்லை, முத்திரை வைத்தார்கள் என்பது அன்று அவனுக்குக் கிடைத்த பாடம்.

எனக்கு இந்த ஊரை நெருக்கமாக்கியது செயின்ட் பீட்டர் தேவாலயம். 1561-இல் முதலாம் எலிசபெத் அரசியின் அனுமதியோடு, மதத்தின் பெயரால் துரத்தப்பட்ட ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) மக்கள் இங்கே குடியேறினார்கள். ஊர் அவர்களை அழைத்த பெயர் 'அந்நியர்'. துணி நெய்தார்கள், காய்கறித் தோட்டம் போட்டார்கள். துறைமுகம் தூர்ந்து ஓய்ந்துகொண்டிருந்த ஊருக்கு அவர்களால்தான் கொஞ்சம் உயிர் வந்தது. 1661-இல் தேவாலயக் கோபுரம் இடிந்து விழுந்தது. அதைத் திரும்ப எழுப்பியபோது அந்தக் குடும்பங்களின் கைவண்ணத்தில் செங்கல் கோபுரமும், உச்சியில் வெங்காயம் போன்ற குமிழும் வந்தன. மற்ற கல் கோபுரங்களோடு ஒட்டாமல் அது தனியாகத் தெரியும். ஊருக்கு அடையாளமே இன்று அதுதான். இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்கச் சொல்லும் பழைய மணி அந்தக் கோபுரத்திலிருந்து இன்னமும் ஒலிக்கிறது. வேற்று நாட்டிலிருந்து வந்து இங்கே பிள்ளை வளர்க்கிறவள் நான். அந்தக் குமிழுக்குக் கீழே நிற்கும்போது என் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

தேடல் கணக்கிலும் சாண்ட்விச் தேறுகிறது. ஊருக்குள் எண்களைச் சேர்த்துக்கொண்டு, பிற்பகலில் கோட்டைமேட்டிலும் ஆற்றங்கரையிலும் டப்பாக்களைத் தேடலாம். தலைக்கு மேல் திறந்த வானம் இருப்பதால் அம்புக்குறியும் தாவாமல் நிற்கிறது. இங்கிலாந்தில் 'சர்ச் மைக்ரோ' என்றே ஆயிரக்கணக்கான பெட்டிகள் கொண்ட ஒரு தொடர் உண்டு, தேவாலயத்துக்கு ஒன்று. மூன்று பழைய தேவாலயங்கள் உள்ள ஊரில் அதையும் பார்த்துவைப்பது நல்லது. படகுத்துறை அருகே பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் இருக்கிறது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க அதுதான் இடம். நான் காணும் குறை ஒன்றுதான்: மூன்றில் இதுதான் அதிகத் தொலைவு.

அந்தத் தொலைவை எடைபோடத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். செயின்ட் பாங்க்ரஸிலிருந்து வேக ரயிலில் ஃபேவர்ஷம் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல். ரைக்கும் ஏறக்குறைய அவ்வளவே, ஆனால் ஆஷ்ஃபோர்டில் மாற வேண்டும். அங்கிருந்து போகும் சிற்றூர் ரயில் மணிக்கு ஒன்றுதான், தவறவிட்டால் நடைமேடையில் ஒரு மணிநேரம். சாண்ட்விச் ஒன்றரை மணிக்கும் மேல், ஆனால் மாறாமல் போகும் ரயில் உண்டு. பையும் பிள்ளையும் முழங்காலும் இருக்கும்போது, மாறாமல் உட்கார்ந்திருக்கும் கூடுதல் அரைமணியை நான் நஷ்டமாக நினைக்கவில்லை. ஃபேமிலி ரயில்கார்டு இருந்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். அதை வைத்திருப்பதால் தூரத்தின் செலவும் எங்களை அவ்வளவாகக் கடிக்கவில்லை.

எந்த ஊருக்குப் போனாலும் சிலவற்றை முந்தின இரவே முடித்துவிடுங்கள். தேடலின் பக்கத்தைத் திறந்து, கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். தொடர்ந்து மூன்று நான்கு பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால், பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். கடினமும் பாதையும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடப்பட்டிருக்கும். ஆச்சி கூட வந்தால் பாதை இரண்டைத் தாண்ட விடமாட்டேன். பேனா, மாற்றிவைக்க இரண்டு சின்னப் பொம்மை, கைப்பேசிக்கு ஒரு பவர்பேங்க். வேலியோரத்தில் காஞ்சொறி வகைச் செடி நிறைய இருக்கும், ஆகவே முழுக்கால் சட்டை. பழைய வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஜன்னலடியில் குனிந்து துழாவினால் உள்ளே இருப்பவர் பயந்துபோவார். பெட்டி எங்கேயும் மண்ணில் புதைத்திருக்காது, எதையும் தோண்டத் தேவையில்லை. கல்லறைகள் மேல் ஏறவும் வேண்டாம்.

ஆகவே இந்தத் தடவை சாண்ட்விச். அக்டோபர் பள்ளி விடுமுறையில் போகிறோம், அதுவும் கடிகாரம் ஒரு மணிநேரம் பின்னால் போகும் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. அதற்குப் பிறகு போனால் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், கோட்டைமேட்டுத் தேடல் பாதியில் நின்றுவிடும். காலை ஒன்பது மணிக்குள் ரயில் ஏறினால் பதினொன்றுக்குள் பார்பிகன் வாசலில் நிற்கலாம். ஒருமணி வரை ஊருக்குள் எண் சேகரிப்பு, பிறகு சாப்பாடு, பிறகு அருங்காட்சியகம் (திறந்திருக்கும் நேரத்தைப் போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்), மூன்று மணிக்குக் கோட்டைமேடு. சென்ற தடவை ரையில் ஆச்சிக்குக் கையெழுத்துப் போட இடமே கிடைக்கவில்லை, சுருள் நிறைந்துபோயிருந்தது. இந்தத் தடவை பெரிய டப்பாவின் நோட்டில் முதல் வரி அவருக்கு என்று பிள்ளைகள் இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம்.